கடல் கடந்து உழைத்தோர் அவையில் உரைக்கத் தக்கவை

நம் சமூகக் குடும்பங்கள் பலவற்றில் இன்று ஒருவரேனும் அயல்நாட்டில் பணிபுரிகின்றனர். அவர்கள் விடுமுறைக்கு ஊர் திரும்பும் காலம் பார்த்து, மாணவர்களையும் பெற்றோர்களையும் ஓரிடத்தில் கூட்டி, அவர்தம் பணியனுபவங்களைக் கேட்கச் செய்யும் மாலைக் கூட்டங்கள் நல்ல வழக்கமாக வளர்ந்து வருகின்றன. கதிரவன் மறையுமுன் உணவு முடிந்துவிடும். அதன்பின் வாழ்த்துரை, அறிமுகவுரை, அனுபவவுரை, பொன்னாடை, நன்றியுரை என்று நிகழ்ச்சி விரைந்து செல்லும்.

அத்தகைய கூட்டம் ஒன்றில் அண்மையில் நான் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். மூவர் பேசினர், மூவரும் நன்றாகவே பேசினர். தாம் வகிக்கும் பதவியையும், தம்மிடம் பணிபுரிவோர் தொகையையும், கண்டுவந்த நகரங்களையும் எடுத்துரைத்தனர். இறுதியில் ஒரு மாணவி எழுந்து, “ஐயா, தங்களுக்கு முதல் வேலை கிடைக்க எத்தனை மாதம் ஆயிற்று? அதுவரை செலவுக்கு என்ன செய்தீர்கள்?” என்று கேட்டாள். பேச்சாளர் புன்முறுவலுடன், முயற்சி இருந்தால் எல்லாம் கைகூடும் என்றார். அரங்கம் கைதட்டியது. அம்மாணவி மேலும் ஒன்றும் கேளாமல் அமர்ந்துவிட்டாள். அன்று கேட்கப்பட்டவற்றுள் விடை வேண்டிய வினா அஃதொன்றே என்பது என் எண்ணம்.

அதே வினா 1891ஆம் ஆண்டிலேயே பம்பாயில் ஓர் இளைஞர் நெஞ்சில் எழுந்தது. அதற்கு நேர்மையான விடையும் கிடைத்தது. இலண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்று அவ்வாண்டு தாயகம் திரும்பிய மோகன்தாஸ் கரம்சந்த் காந்தியே அவ்விளைஞர். விடை சொன்னவர் சமணர். வீர்சந்த் ராகவ்ஜி காந்தி. இருவரும் கத்தியவாரைச் சேர்ந்தவர்கள். பின்னாளில் மகாத்மாவாகிய முன்னவர் தம் ‘சத்திய சோதனை’ நூலில் இச்செய்திகளை ஒளிவின்றி எழுதிவைத்திருக்கிறார். அயல்நாட்டுப் பணியனுபவத்தை எவ்வாறு பிறருக்குரைப்பது என்பதற்கு அந்நூலின் சில பகுதிகளே நல்ல பாடமாகும்.

முதலில் அவர் புறப்பட்ட நாளை நோக்குவோம். 1888இல் ராஜ்கோட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அவருக்கு வழியனுப்பு விழா நடத்தினர். அவ்வூர் இளைஞன் இங்கிலாந்து செல்வது அந்நாளில் அரிய செய்தி. நன்றி கூறச் சில சொற்களை எழுதிக்கொண்டு சென்றவர், எழுந்து நின்றதும் தலைசுற்றி, உடல் நடுங்கி, தட்டுத் தடுமாறியே அவற்றைக் கூறி முடித்தார். பம்பாயிலோ அவருடைய மோத் வணிகர் சாதியார் கூடி, கடல் கடத்தல் கூடாதென்று தடுத்தனர். அவர் பணியாமையால் சாதியிலிருந்து விலக்கினர். அவரை வழியனுப்பக் கப்பல் துறைக்குச் செல்வோருக்கு ஒரு ரூபாய் நான்கணா தண்டம் என்றும் விதித்தனர். அன்னையாரின் அச்சத்தை நீக்கியவர் பெச்சார்ஜி சுவாமி என்னும் சமணத் துறவி. அவரும் முன்பு மோத் வணிகரே. மது, மாது, புலால் மூன்றையும் தீண்டேன் என்று விரதம் கொடுத்து, மகனை அனுப்பிவைக்கலாம் என்றார்.

ஈண்டு ஒரு சொல். கடல் கடத்தல் பாவம் என்பது இல்லறத்தார்க்கு நம் நூல்கள் விதித்ததன்று. குணவிரதங்களுள் ஒன்றாகிய திக்விரதம், திசைகளில் தான் செல்லும் எல்லையைத் தானே வகுத்துக்கொண்டு அதைக் கடவாதிருத்தலைக் கூறுகிறது. எல்லை வகுப்பவன் விரதியே, சாதிக் கூட்டமன்று. ஆயினும் 1893இல் வீர்சந்த் அவர்கள் சிகாகோ சர்வசமயப் பேரவைக்குச் சென்றபோது, நம் சமயத்தாரிலேயே ஒரு பகுதியினர் கடல் கடந்தமைக்காக அவரைக் கடுமையாக எதிர்த்தனர். அன்று தண்டம் விதித்த வழக்கம் இன்று பொன்னாடை போர்த்தும் வழக்கமாக மாறியிருக்கிறது. இரண்டிலும் போனவர் என்ன கற்றுவந்தார் என்று கேட்பார் குறைவு.

1891இல் மோகன்தாஸ் கரையிறங்கிய அன்றே நிகழ்ந்தது அடுத்த செய்தி. டாக்டர் மேத்தா அவர்களின் இல்லத்தில் அவருக்கு ராய்சந்த்பாய் அறிமுகமானார். நாம் ஸ்ரீமத் ராஜ்சந்திரர் என்று போற்றும் அப்பெருந்தகை அப்போது இருபத்தைந்து வயதைக் கடவாத இளைஞர், மணி வணிகர், கவிஞர், அவதானக் கலையில் வல்லவர். சீமையிலிருந்து வந்தவர் தமக்குத் தெரிந்த ஐரோப்பிய மொழிச் சொற்களையெல்லாம் கொட்டித் தீர்த்து, அவற்றைத் திருப்பிக் கூறுமாறு கேட்டார். ஆங்கிலப் பள்ளியை அறியாத ராய்சந்த்பாய் அத்தனை சொற்களையும் சொன்ன வரிசை பிறழாமல் சொன்னார். அந்த நினைவாற்றலைக் கண்டு தாம் பொறாமை கொண்டதாகவும், தம் உள்ளத்தைப் பின்னர் ஈர்த்தது அதுவன்று, அவருடைய சாத்திர அறிவும் மாசற்ற ஒழுக்கமுமே என்றும் காந்தியடிகள் எழுதுகிறார். அயல்நாடு கண்டு வந்தோர் அவையில் எழுந்து நிற்கும்போது, எதிரே அமர்ந்திருப்போரில் ஒரு ராய்சந்த்பாய் இருக்கக்கூடும் என்னும் அடக்கம் வேண்டும்.

பின்னர் வழக்கறிஞர் தொழில் பயிலப் பம்பாயில் தங்கிய மாதங்களில் வீர்சந்த் காந்தியின் நட்பு வாய்த்தது. வீர்சந்த் 1864இல் மகுவாவில் பிறந்தவர்; 1885இல், இருபத்தோராம் வயதில், பாரத சமண சங்கத்தின் செயலாளரானவர். அப்போது அவர் சாலிசிட்டர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். இருவரும் உணவுச் சோதனைகளையும் சேர்ந்தே செய்தனர். மாலைகளில் அவர் பெரிய வழக்கறிஞர்களின் கதைகளைக் கூறுவார். சர் பிரோஸ்ஷா மேத்தா சாட்சியச் சட்டம் முழுவதையும் மனப்பாடமாக அறிந்தவர், அதன் 32ஆம் பிரிவின் மேலெழுந்த வழக்குகள் அத்தனையும் அவருக்குத் தெரியும். பத்ருதீன் தயாப்ஜியின் வாதத் திறமோ நீதிபதிகளையே மலைக்கச் செய்யும். இக்கதைகளைக் கேட்டு இளம் பாரிஸ்டருக்கு ஊக்கம் பிறந்ததா? இல்லை, உள்ளதும் ஒடுங்கிற்று என்றே எழுதுகிறார்.

ஆனால் வீர்சந்த் அத்துடன் நிறுத்தவில்லை. ஒரு பாரிஸ்டர் ஐந்து அல்லது ஏழு ஆண்டுகள் வருவாயின்றிக் கிடப்பது புதுமையன்று. அதனாலேயே தாம் சாலிசிட்டர் வழியைத் தேர்ந்ததாகவும், மூன்றாண்டில் சொந்தக் காலில் நிற்க முடிந்தால் அதையே நற்பேறாகக் கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். நம் மாணவி கேட்ட எண் இதுவன்றோ! பிரோஸ்ஷாவின் புகழ் அவ்விளைஞருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. இந்த எண் கொடுத்தது. தம் வறட்சி தம் குற்றமன்று, தொழிலின் இயல்பு என்பதை அது உணர்த்தியிருக்கும்.

அவ்வறட்சியையும் அவர் மறைக்கவில்லை. மாமிபாய் என்னும் பெண்மணியின் சிறுவழக்கு ஒன்று வந்தது. ஊதியம் 30 ரூபாய். தரகருக்குப் பங்கு கொடுக்க மறுத்தும் வழக்கு கிடைத்தது. நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார், ஒரு கேள்வியும் தோன்றவில்லை, அமர்ந்துவிட்டார். வழக்கை 51 ரூபாய்க்கு வேறொருவரிடம் ஒப்புவிக்கச் செய்து, ஊதியத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஆசிரியர் வேலை ஒன்றுக்கு, மாதம் 75 ரூபாய் ஊதியத்துக்கு, விண்ணப்பித்தார். பட்டதாரி அல்லர் என்று அதுவும் மறுக்கப்பட்டது. ராஜ்கோட் திரும்பி மனுக்கள் எழுதிக் கொடுத்து மாதம் சுமார் 300 ரூபாய் ஈட்டினார். 1893இல் தென்னாப்பிரிக்காவில் வாணிகம் செய்த போர்பந்தர் நிறுவனம் ஒன்று ஓராண்டுப் பணிக்கு அழைத்தது. ஊதியம் 105 பவுன். முதல் வகுப்புப் பயணச் செலவும் உணவு உறையுளும் தனி. இது பாரிஸ்டராகச் செல்வதன்று, நிறுவனத்தின் பணியாளாகச் செல்வதே என்று அவரே எழுதியிருக்கிறார். உலகறிந்த வாழ்வொன்றின் அயல்நாட்டுப் பணி இவ்வாறுதான் தொடங்கிற்று. நம் அவைகளிலோ பேச்சாளர்கள் பெரும்பாலும் நடுவிலிருந்தே தொடங்குகின்றனர்.

சென்ற இடத்திலும் தெரியாதது தெரியாதது என்றே ஒப்பினார். வழக்கு முழுவதும் கணக்கு வழக்கு. ‘பி. நோட்’ என்று எழுத்தர் சொன்னபோது அதன் பொருள் விளங்கவில்லை, அகராதியிலும் இல்லை. பிறரிடம் கேட்டு அது புரோநோட்டு என்றறிந்தார். கணக்கியல் நூலொன்றை விலைக்கு வாங்கிப் படித்தபின்பே வழக்கு பிடிபட்டது. 40,000 பவுன் வழக்கு அது. முடிவில் இருதரப்பையும் மத்தியஸ்தத்துக்கு இணங்கச் செய்தார். 37,000 பவுனும் செலவும் கொடுக்கத் தீர்ப்பாயிற்று. தோற்றவர் ஒருங்கே கொடுத்தால் நொடித்துப் போவார் என்பதால், நீண்ட தவணையில் பெற்றுக்கொள்ளுமாறு வென்றவரையும் இசையச் செய்தார். இதில் அவருக்கு முன்னதைவிட மிகுந்த பாடுபட வேண்டியிருந்ததாம்.

இனி, நம் பொருளுக்கு நேராக உரிய ஒரு கூட்டத்தைக் காண்போம். 1893இல் பிரிட்டோரியாவில் வாழும் இந்தியர் ஒவ்வொருவரையும் அறிய விரும்பினார். அதற்கு அவர் உதவி நாடியது தாம் எதிர்த்து வழக்காட வந்த தையப் சேட்டையே! ஹாஜி முகம்மது ஹாஜி ஜூசப் சேட்டின் இல்லத்தில் கூட்டம் நடந்தது. பெரும்பாலும் மேமன் வணிகர், இந்துக்கள் சிலர். தம் வாழ்வில் முதல் பொதுச் சொற்பொழிவு அதுவே என்கிறார். ராஜ்கோட்டில் நடுங்கியவர் இங்குப் பேசினார். பேசியது இலண்டன் பெருமையையன்று, வாணிகத்தில் வாய்மையை. வாணிகத்தில் வாய்மை செல்லாது என்று வணிகர்கள் கூறிவந்ததை மறுத்தார். அயல்நாட்டில் நம் சிலரது நடத்தையைக் கொண்டே நாட்டு மக்கள் கோடிக்கணக்கானோரும் எடைபோடப்படுகின்றனர்; ஆதலின் அங்குக் கடமை கூடுகிறதே அன்றிக் குறைவதில்லை என்றார். பொய் எடை, பொய் அளவை, கலப்படம் ஆகியவற்றைக் கள்ளாமை விரதத்தின் குற்றங்களாகக் கற்கும் நமக்கு இது புதிதன்று. சுகாதாரக் குறைகளையும் முகத்துக்கு நேரே சொன்னார். வந்திருந்தோர் பெரிய வணிகர். சொன்னவர் இளம் வயது ஊதியப் பணியாளர்.

இறுதியில் இரண்டு செய்தார். குறைகளை எடுத்துரைக்க ஒரு சங்கம் அமைக்கலாம் என்றார். ஆங்கிலம் கற்க விரும்புவோர்க்குத் தாமே, அவர்களுக்கு வாய்ப்பான நேரத்தில், அவர்கள் இருப்பிடம் சென்று கற்பிப்பதாகக் கூறினார். மூவர் முன்வந்தனர்: ஒரு நாவிதர், ஓர் எழுத்தர், ஒரு சிறு கடைக்காரர். சென்ற வேளையில் அவர்கள் தொழிலில் ஈடுபட்டிருப்பதும் உண்டு. அவர் பொறுமை இழக்கவில்லை. எட்டு மாதத்தில் இருவர் கணக்கெழுதவும் சாதாரண வணிகக் கடிதம் எழுதவும் தேறினர். நாவிதர் தம் வாடிக்கையாளரோடு பேசுமளவு கற்றதோடு மனநிறைவு கொண்டார்.

1894இல் டர்பனில் அவருக்குப் பிரிவு விருந்து. அங்கே கிடந்த நாளிதழின் மூலையில் இந்தியரின் வாக்குரிமை பற்றிய சிறு செய்தியைக் கண்டு வினவினார். நாளிதழைத் தாம் சந்தை நிலவரம் அறியவே பார்ப்பதாக அப்துல்லா சேட் கூறினார். பேச்சு வளர்ந்தது, விருந்தினர் அவரை ஒரு மாதம் தங்கச் சொன்னார்கள், பிரிவு விருந்து செயற்குழுவாயிற்று. பொதுப் பணிக்கு ஊதியம் கொள்ளேன் என்றார். அங்கேயே வாழ வழி வேண்டுமாகையால் ஏறத்தாழ இருபது வணிகர் தம் சட்ட வேலைகளை அவருக்கு ஓராண்டுக்கு ஒப்புவித்தனர். அவ்வாண்டே பிறந்த நேட்டால் இந்தியக் காங்கிரசுக்குக் குறைந்த சந்தா மாதம் 5 ஷில்லிங். மாதந்தோறும் தண்டுவது கடினமானபோது ஆண்டுச் சந்தா 3 பவுனாக்கப்பட்டது. அதன் ஆதரவில், அந்நாட்டில் பிறந்த படித்த இளைஞர்க்கென ஒரு கல்விச் சங்கமும் அமைந்தது. இளைஞரை வணிகரோடு பழகச் செய்தல் அதன் நோக்கங்களுள் ஒன்று. சிறு நூலகமும் இருந்தது.

எனினும் இவற்றிலும் குறை உண்டு. இக்கூட்டங்களில் இருந்தோர் பெரிதும் வணிகரும் எழுத்தருமே. கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகள் அங்கே இல்லை. அவர் தொழில் தொடங்கிய மூன்று நான்கு மாதத்தில், பாலசுந்தரம் என்னும் தமிழர், கிழிந்த உடையுடன், தலைப்பாகையைக் கையில் ஏந்தி, எசமானன் அடியால் பற்கள் உடைந்து இரத்தம் சிந்தியவராய் அவர் அலுவலகத்தில் வந்து நின்றார். அவர் மொழியை விளக்கியவர் அங்கு எழுத்தராயிருந்த தமிழரே. அதன் பின்பே தொழிலாளர் நிலை அவர் கண்ணில் முழுமையாகப் பட்டது. நம் மாலைக் கூட்டங்களிலும் அழைப்பிதழ் சென்று சேராத சிற்றூர்க் குடும்பங்கள் பல உண்டு.

வீர்சந்த் காந்தியின் பிற்காலத்தை விரிக்க இடமில்லை. அமெரிக்க நகரங்களில் சொற்பொழிவாற்றினார். 1896-97 பஞ்சத்தின்போது அங்கே நிவாரணம் திரட்டித் தானியக் கப்பல் அனுப்பச் செய்தார். 1901இல் முப்பத்தேழு வயது நிரம்புமுன் மறைந்தார். ராஜ்சந்திரர் மறைந்ததும் அவ்வாண்டிலேயே. வீர்சந்த் சுவேதாம்பரர், நாம் திகம்பரர் என்பது கொண்டு அவர் வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லாதிருப்பது இழப்பே.

கூட்டம் நடத்துவோருக்கு ஒரு விண்ணப்பம். பேச்சாளரை அழைக்கும்போதே சில வினாக்களை எழுதிக் கொடுங்கள். முதல் வேலைக்கு எத்தனை மாதம் ஆயிற்று? அதுவரை கைச்செலவு எவ்வாறு? எங்கே தவறினீர்? எந்த நூல் உதவிற்று? உணவு நெறியை எப்படிக் காத்தீர்? இங்கிருக்கும் ஒருவருக்கு அடுத்த எட்டு மாதம் எதைக் கற்பிக்க இயலும்? பொன்னாடைக்கு ஆகும் நேரத்தை மாணவர்க்கு விடுங்கள்.

அன்று புன்னகைத்த பேச்சாளருக்கு மாணவியின் வினாவை நினைவூட்டி நான் கடிதம் எழுதினேன். இரண்டு வாரத்தில் விடை வந்தது. முதல் வேலைக்குப் பதினொரு மாதம் ஆயிற்றாம். அதுவரை உறவினர் வீட்டில் தங்கி, ஒரு கடையில் இரவுக் கணக்கு எழுதினாராம். வீட்டுக்கு மட்டும் வேலை கிடைத்துவிட்டதாக எழுதியிருந்தாராம். அவர் இசைவு பெற்று அக்கடிதத்தின் படியை அம்மாணவிக்கு அனுப்பிவைத்தேன்.