எங்கே நிற்பது என்பதை முதலில் பார்

அன்பு மருமகளுக்கு,

கிள்ளான் கல்யாணத்தில் நீ எடுத்த படங்களைப் பார்த்தேன். மணப்பெண்ணின் மூக்கு ஏன் இப்படித் துருத்திக்கொண்டு நிற்கிறது, 70–200 மி.மீ. லென்ஸ் வாங்கினால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறாய். கடன் போட்டு வாங்கலாமா என்பதைத்தான் சுற்றி வளைத்துக் கேட்கிறாய் என்று தெரிகிறது. இப்போதைக்கு வேண்டாம்.

முகத்தைக் கெடுத்தது லென்ஸ் இல்லை, நீ நின்ற இடம். மணமேடை நெரிசலில் லென்ஸை 24 மி.மீ.-இல் வைத்துக்கொண்டு பெண்ணின் முகத்துக்கு நேரே போயிருக்கிறாய், 40 செ.மீ. இருந்தால் அதிகம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே சுமார் 12 செ.மீ. என்று வைத்துக்கொள். கேமராவிலிருந்து மூக்கு 40, காது 52. காது கிட்டத்தட்ட கால் பங்கு சிறுத்துவிடும், மூக்குதான் முகம் என்று ஆகிவிடும். அதே பெண்ணை 2 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் 200-க்கு 212. வித்தியாசம் ஆறு சதவீதத்துக்குள் அடங்கிவிடும். 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள். 30 செ.மீ. தூரத்து செல்ஃபியில் மூக்கின் அடிப்பகுதி, ஒன்றரை மீட்டரில் எடுத்ததைவிட ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறதாம். செல்ஃபியைக் காட்டி மூக்கைச் சின்னதாக்கச் சொல்லி வருகிறவர்களின் தொல்லை தாங்காமல் போட்ட கணக்கு!

அப்படியானால் லென்ஸ் எதற்கு? எவ்வளவு காட்சி உள்ளே வர வேண்டும் என்று வெட்டித் தருவதற்கு. பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையில் ஓர் இடத்தில் நின்று 24-இல் ஒரு படம் எடு. நகராமல் 200-இல் இன்னொன்று எடு. முதல் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கி இரண்டாவதன் பக்கத்தில் வை. கடை, தூண், ஆள் எல்லாம் ஒன்றுக்கொன்று அதே அளவில் இருக்கும். ‘டெலி பின்னணியை இழுத்துக் கொண்டுவரும்’ என்று யூடியூபில் சொல்வதைக் கேட்டு ஏமாறாதே. டெலி, அதாவது நீள லென்ஸ், வைத்திருப்பவன் தூரத்தில் போய் நிற்கிறான், அவ்வளவுதான். ஆனால் வெட்டிய படத்தில் சரக்கு இருக்காது. 24 மெகாபிக்சல் கேமராவில் 24-ஐ 200 அளவுக்கு வெட்டினால் மிஞ்சுவது மூன்றரை லட்சம் பிக்சல். ஆல்பத்துக்கு ஆகாது. நீள லென்ஸுக்குக் காசு கொடுப்பது இதற்காகத்தான்.

பத்துமலைக்கு ஒரு நாள் போய்வா. தைப்பூசத்தன்று வேண்டாம், அன்றைக்குப் பின்னால் நகர இடம் கிடைக்காது. 2006-இல் திறந்த முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர். உன் தோழியைச் சிலைக்கு 40 மீட்டர் முன்னால் நிறுத்து. அவள் உயரம் 1.6 மீட்டர் என்றால் முருகன் அவளைப்போல் 27 மடங்கு. அவளிடமிருந்து 2 மீட்டரில் நின்று எடுத்தால் படத்தில் முருகன் ஒன்றேகால் மடங்குதான் வருவார், ஏதோ பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. 20 மீட்டர் பின்னால் போய் எடு, ஒன்பது மடங்கு ஆகிவிடுவார். கவனி, இதற்கு 200 தேவையே இல்லை. அந்தத் தூரத்தில் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் 35-இலேயே தோழியும் சிலையும் முழுசாக அடங்கும். உன்னிடம் இருக்கும் 24–70 போதும். 200 போட்டால் சிலையின் கால்தான் கிடைக்கும்.

தீபாவளிக்குக் கிள்ளானில் தெங்கு கிளானா சாலையைப் பத்திரிகைக்கு எடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். அங்கே இதே விஷயம் வேறு மாதிரிப் பிரச்சினை ஆகும். தெருக்கோடியில் நின்று நீள லென்ஸில் நேராக எடுத்தால் பத்தடி இடைவெளி விட்டு நடப்பவர்கள்கூட ஒட்டி நிற்பதாகத் தெரியும். 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், டென்மார்க்கின் ரிட்ஸாவ் ஸ்கான்பிக்ஸ் படக்காரர்கள் இருவர் கோப்பன்ஹேகனில் இதைக் காட்டினார்கள். ஒரே மக்கள், ஒரே இடம். ஒரு படத்தில் நெரிசல், வேறு பக்கத்திலிருந்து எடுத்த இன்னொன்றில் நல்ல இடைவெளி. கூட்டம் இருந்தால் இருப்பதைக் காட்டு. இல்லாத கூட்டத்தை லென்ஸால் கூட்டாதே.

கல்யாணக் குழுப் படங்களில் 24-ஐத் தொடாதே. ஓரத்தில் நிற்கும் அத்தைமார் அகலமாகிவிடுவார்கள், அப்புறம் ஆல்பத்தை யாரும் வாங்க மாட்டார்கள். நாலு நாற்காலியை ஒதுக்கச் சொல்லிப் பின்னால் போ, 50-இல் எடு. தாலி கட்டும் நேரத்தில் மேடைக்குப் பக்கத்தில் விடமாட்டார்கள் என்றால் அந்த ஒரு நாளைக்கு மட்டும் 70–200-ஐ வாடகைக்கு எடுத்துக்கொள்.

வரும் ஞாயிறு காலை உங்கம்மாவை வாசலில் நிறுத்தி 24, 35, 70 மூன்றிலும் எடு. மூன்றிலும் அவள் முகம் ஒரே அளவில் இருக்கும்படி முன்னே பின்னே நகர்ந்து எடுக்க வேண்டும். திருத்தாமல் அப்படியே எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா