பெரிய சென்சார்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

டிஜிட்டல் கேமராவில் ஃபிலிமின் இடத்தில் அமர்ந்து ஒளியைப் பெறும் சிலிக்கன் சில்லான சென்சாரின் பரப்பளவே படத்தின் தரத்தைத் தீர்மானிக்கிறது என்ற எண்ணம் ஒளிப்படத் தொழிலில் வேரூன்றியிருப்பதால், தொழில்முறைக் கலைஞர்களுக்கான கேமராக்கள் 36 × 24 மில்லிமீட்டர் ஃபுல் ஃபிரேமோடு நின்றுவிடாமல், ஃபியூஜிஃபில்ம் நிறுவனம் 2017 முதல் ஜிஎஃப்எக்ஸ் வரிசையில் பயன்படுத்திவரும் 43.8 × 32.9 மில்லிமீட்டர் மீடியம் ஃபார்மட்டுக்கு மாற வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. அதைத் தாங்கி நிற்கும் நம்பிக்கைகளுள் சில பாதி உண்மை. சில முழுப் பிழை.

நம்பிக்கை: சென்சார் பெரிதானால் மங்கிய வெளிச்சத்திலும் படம் தெளிவாக வரும்.

ஒளி துகள்களாகவே வந்து விழுகிறது. ஓர் இடத்தில் சராசரியாக 100 துகள்கள் விழுமானால் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய 10 அளவுக்கு, அதாவது பத்து விழுக்காடு ஏறி இறங்கும். 10,000 துகள்கள் விழுமானால் ஏற்ற இறக்கம் ஒரு விழுக்காடாகக் குறையும். படத்தில் மணல் தூவியதுபோலத் தெரியும் ‘நாய்ஸ்’ பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கமே என்பதால், ஒளி மிகுதியாகச் சேரும் படம் தெளிவாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. ஜிஎஃப்எக்ஸ் சென்சாரின் பரப்பு ஃபுல் ஃபிரேமைப்போல் சுமார் 1.67 மடங்கு, ஒளி இருமடங்காவதை ஒரு ஸ்டாப் என்று கொண்டால் இந்த ஆதாயம் முக்கால் ஸ்டாப்புக்குச் சற்றுக் குறைவு. ஆனால் ஒளியைத் திரட்டித் தருவது லென்ஸ் என்பதை இந்த நம்பிக்கை மறந்துவிடுகிறது. ஃபியூஜிஃபில்ம் இவ்வரிசைக்குத் தானே செய்யும் லென்ஸ்களில் மிக அகன்ற துளை எஃப்/1.7, காட்சிக் கோணமும் திரளும் ஒளியும் மாறாதபடி அதை ஃபுல் ஃபிரேமுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ எஃப்/1.3 ஆகும். ஃபுல் ஃபிரேமிலோ அதைவிட அகன்ற எஃப்/1.2 லென்ஸ்கள் கடையிலேயே கிடைக்கின்றன.

நம்பிக்கை: மீடியம் ஃபார்மட்டுக்கே உரிய ஒரு ‘லுக்’ உண்டு.

முகத்தின் அமைப்பும் முன்பின் பொருள்களின் ஒப்பளவும் கேமரா நிற்கும் இடத்தைப் பொறுத்தவையே தவிர, சென்சாரின் அளவைப் பொறுத்தவை அல்ல. பின்னணி மங்குவதிலும், ஜிஎஃப்எக்ஸின் 110 மி.மீ. எஃப்/2 லென்ஸ் ஃபுல் ஃபிரேமில் 87 மி.மீ. எஃப்/1.6 லென்ஸுக்கு நிகரானதாகையால், கேனானின் 85 மி.மீ. எஃப்/1.2 அதை விஞ்சிவிடுகிறது. வியக்கப்படும் அந்த ‘லுக்’ பெரும்பாலும் நல்ல லென்ஸும் ஸ்டுடியோ விளக்குகளும் சேர்ந்து ஆக்கியது.

நம்பிக்கை: மீடியம் ஃபார்மட் கேமராவின் எடை அதிகம்.

இது மறுதரப்பாரின் பிழை. ஜிஎஃப்எக்ஸ் 100எஸ் கேமராவின் எடை சுமார் 900 கிராம். நிக்கான் இசட்9 என்ற ஃபுல் ஃபிரேம் கேமராவோ 1,340 கிராம்.

நம்பிக்கை: நிறுவனங்கள் மனம் வைத்தால் போதும், அளவைக் கூட்டிவிடலாம்.

சென்சார்கள் ‘வேஃபர்’ எனப்படும் வட்டச் சிலிக்கன் தகட்டில் அச்சிடப்பட்டு வெட்டியெடுக்கப்படுகின்றன. தகட்டில் ஆங்காங்கே குறைகள் இருந்தே தீரும் என்பதால், ஒவ்வொரு சில்லின் பரப்பும் கூடக்கூடக் கழிபடும் விகிதமும் கூடுகிறது. 8 அங்குலத் தகட்டில் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார்கள் சுமார் 200 கிடைக்குமிடத்தில் ஃபுல் ஃபிரேம் 20 மட்டுமே தேறும் என்று கேனான் முன்பு விளக்கியிருந்தது. வேகமும் ஒரு தடை: 50 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமான சோனி ஆல்ஃபா 1 வினாடிக்கு 30 படங்கள் எடுக்கையில், 102 மெகாபிக்சல் ஜிஎஃப்எக்ஸ் 100 II எடுப்பது 8. அவ்வரிசையின் மிக நீண்ட லென்ஸான 500 மி.மீ., காட்சிக் கோணத்தில் ஃபுல் ஃபிரேமின் 395 மி.மீ. லென்ஸுக்கே சமம், கிரிக்கெட் எல்லைக்கோட்டுக்கு வெளியே 600 மி.மீ. லென்ஸோடு அமர்ந்திருப்பவருக்கு அது எட்டாக் குறையே. ஆகவே செய்தி, விளையாட்டு, திருமணம் ஆகிய துறையினருக்காகக் கேனானும் நிக்கானும் சோனியும் அளவைக் கூட்ட வேண்டிய தேவையில்லை.

அசையாத பொருளைக் கட்டுப்படுத்திய ஒளியில் எடுப்போரின் நிலை வேறு. விளம்பரப் பொருள்களையும் கலைப்படைப்புகளையும் பதிவு செய்யும் அவர்களுக்குப் பெரிய சென்சாரின் ஆதாயம் முழுமையாகக் கிட்டுகிறது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம், ரெம்பிராண்ட் 1642இல் தீட்டி முடித்த ‘இரவுக் காவல்’ ஓவியத்தை 53.4 × 40 மில்லிமீட்டர் சென்சார் கொண்ட ஹாசல்பிளாட் கேமராவால் பதிவு செய்து, 717 கிகாபிக்சல் படமாக 2022இல் வெளியிட்டது. எனினும் அந்தச் சென்சாராலும் ஓவியத்தை அத்தனை நுணுக்கத்தோடு ஒரே படத்தில் அடக்க இயலாமல், 8,439 படங்களாக எடுத்துக் கணினியில் இணைக்க வேண்டியிருந்தது.