பிஎச்டிக்குச் சம்பளம் உண்டு



பிஎச்டி என்றதும் நம்ம வீடுகளில் வரும் முதல் கேள்வி, "இன்னும் எத்தனை வருஷம் காசு கட்டணும்?" பிடிபிடிஎன் கடன் தலைக்கு மேல நிக்கும்போது அம்மா அப்படிக் கேட்பது நியாயம்தான். ஆனால் அறிவியல், பொறியியல் துறைகளில் பல நாடுகளில் முனைவர் ஆய்வு என்பது சம்பளம் வாங்கிச் செய்யும் வேலை. இது தெரியாமலேயே நம்மில் பலர் டிகிரியோடு நின்றுவிடுகிறார்கள்.

காசு எங்கிருந்து வருது? பேராசிரியர் ஓர் ஆய்வுத் திட்டத்துக்கு மானியம் வாங்குகிறார். அதிலேயே ஒரு மாணவருக்கான சம்பளமும் சேர்ந்திருக்கும். நான் பொருளறிவியல் ஆய்வு செய்த ஜெர்மனியில் இது வேலை விளம்பரமாகத்தான் வரும். "டிவி-எல் இ13, 75 விழுக்காடு" என்று போட்டிருந்தால், அரசாங்கச் சம்பளப் பட்டியலில் 13-ஆம் படிநிலையில் முக்கால் பங்கு என்று அர்த்தம். நெதர்லாந்திலும் பெரும்பாலும் 4 ஆண்டு ஒப்பந்த வேலைதான். ஆகவே 'அட்மிஷன்' பக்கத்தில் மட்டும் தேடாதீங்க. வேலை வாய்ப்புப் பக்கத்தையும் பாருங்க. ஐரோப்பாவுக்கு 'யூராக்செஸ்' தளம் நல்லது.

பக்கத்திலேயே சிங்கப்பூரின் 'சிங்கா' உபகாரச் சம்பளம் இருக்கு. வெளிநாட்டு மாணவர்களுக்கானது; மலேசியர்கள் விண்ணப்பிக்கலாம். இங்கேயே இருக்க நினைத்தால், எஃப்ஆர்ஜிஎஸ் போன்ற மானியம் வைத்திருக்கும் விரிவுரையாளரிடம் ஆய்வு உதவியாளர் இடம் இருக்கிறதா என்று நேரில் போய்க் கேளுங்கள்.

ஒரு விதியைப் பலர் கவனிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஆய்வு இடங்களுக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் வேலையில் சேருவதற்கு முந்தைய 36 மாதங்களில், அந்த இடம் இருக்கும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. ஜெர்மனியில் இரண்டு வருஷம் மாஸ்டர்ஸ் முடித்த கையோடு அங்கேயே அந்த இடத்தைக் கேட்க முடியாது, பிரான்சில் கேட்கலாம்! எங்கே மாஸ்டர்ஸ் படிப்பது என்று முடிவு செய்யும்போதே இதை யோசிக்கணும்.

இனி மின்னஞ்சல். நூறு பேராசிரியர்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்புவது வீண் வேலை. பத்துப் பேர் போதும். ஒவ்வொருவரின் அண்மைக் கட்டுரை ஒன்றையாவது முழுசா படிங்க. "உங்கள் கட்டுரையின் 4-ஆவது படத்தில் வெப்பநிலை கூடும்போது கடினத்தன்மை ஏன் திடீரென்று குறைகிறது? என் இறுதியாண்டு ஆய்வில் இதுபோல் ஒன்றைப் பார்த்தேன்" என்று எழுதுபவருக்குப் பதில் வர வாய்ப்பு அதிகம். கடிதம் அரைப் பக்கம். கடைசி வரியில் கூச்சப்படாமல் கேளுங்கள்: "இதற்குச் சம்பள நிதி இருக்கிறதா?" இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு முறை நினைவூட்டலாம்.

இங்கிலாந்து விளம்பரங்களில் 'செல்ஃப் ஃபண்டட்' என்றிருந்தால் செலவு உங்களுடையது. சில உபகாரச் சம்பளம் உள்நாட்டுக் கட்டணத்தை மட்டுமே கட்டும். மீதியை யார் கட்டுவார் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இடம் கிடைத்தாலும் உடனே சரி சொல்லிடாதீங்க. அந்த ஆய்வுக்கூடத்தில் இப்போது படிக்கும் மாணவரிடம் தனியாகப் பேசுங்க. மேற்பார்வையாளர் வாரம் ஒரு முறையாவது சந்திக்கிறாரா? முன்பு இருந்தவர்கள் எத்தனை வருஷத்தில் முடித்தார்கள்? மானியம் மூன்று வருஷத்தில் தீர்ந்தால் நான்காம் வருஷச் சம்பளம் எங்கிருந்து வரும்? அந்தக் கடைசிக் கேள்விக்கான பதிலை அம்மாவிடமும் சொல்லுங்க.