உண்டியலும் கைப்பேசியும்

என் மகனுக்குப் பதினொரு வயது. பால்காரர் முதல் பூக்காரம்மா வரை எல்லாருக்கும் நான் கைப்பேசியிலேயே பணம் செலுத்துகிறேன். காசையே காணாத பிள்ளைக்குச் சேமிப்பை எப்படிக் கற்பிப்பது?
— ஒரு வாசகி, திருப்பரங்குன்றம்

சகோதரி, கவலை வேண்டாம். கண்ணுக்குப் புலப்படாத திரவியத்தின்மீது குழந்தைக்குப் பற்று உண்டாவது துர்லபமாதலால், வாரந்தோறும் ஒரே கிழமையில் ஒரு சிறு தொகையைச் சில்லறை நாணயங்களாகவே அவனுக்குக் கொடுத்து, சித்திரைத் திருவிழாக் கடையில் அவனே தேர்ந்தெடுத்த மண் உண்டியலில் தன் கையாலேயே போடச் செய்து, அது நிறைந்ததும் உடைத்து எண்ணி, அருகிலுள்ள அஞ்சலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பத்து வயது நிரம்பிய சிறுவர் அங்கே தம் பெயரிலேயே கணக்குத் தொடங்கலாம். சேமிப்புக் கணக்குக்கு 500 ரூபாய், மாதத் தொடர் வைப்புக்கு 100 ரூபாய் போதும். பாஸ் புத்தகம் அவன் வசமே இருக்கட்டும். 1970-இல் தோன்றிய ‘சஞ்சயிகா’ சிறுசேமிப்புத் திட்டத்தில் பள்ளிக்கூடத்திலேயே காசு செலுத்திப் பழகியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தச் சிறு புத்தகத்தில் தம் பெயரைக் கண்ட ஆனந்தத்தை இன்றும் வர்ணிப்பார்கள்.

கைப்பேசியை அவனிடமிருந்து மறைக்கவும் வேண்டியதில்லை. பூக்காரம்மாவிடம் ஸ்கேன் செய்யும்போது தொகையை அவனையே தட்டச் சொல்லி, வீடு திரும்பியதும் அன்றைய செலவையும் கணக்கில் எஞ்சிய மிச்சத்தையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ரகசிய எண் மட்டும் உங்களிடமே இருக்கட்டும்.