எட்டிப் பார்க்கும் நம்பிக்கை



அர்ச். சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய நிருபம் 8-ம் அதிகாரம் 19-ம் வசனத்தில், சிருஷ்டிகள் எல்லாம் காத்திருப்பதைக் குறிக்க, அபூர்வமான ஒரு கிரேக்கச் சொல்லை வழங்குகிறார்: அபொகரதொக்கியா. புதிய ஏற்பாடு முழுவதிலும் இது இரண்டே இடங்களில் வருகிறது. மற்றொன்று பிலிப்பியர் நிருபம் 1-ம் அதிகாரம் 20-ம் வசனம். "ஆவலோடு எதிர்பார்த்தல்" என்று நாம் இதைப் பொருள் கொள்கிறோம். அது சரியே, ஆனால் போதாது.

இச்சொல்லில் மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது "விட்டு விலகி" என்றும், இரண்டாவது "தலை" என்றும், மூன்றாவது "எதிர்நோக்குதல்" என்றும் பொருள்படும். அதாவது, மற்றவற்றினின்று முகத்தைத் திருப்பி, கழுத்தை நீட்டி, ஒன்றையே நோக்கியிருத்தல். வெளியூரிலிருந்து வரும் மகனுக்காகப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் தாயைப் பாருங்கள். பக்கத்தில் நடப்பது எதுவும் அவள் கண்ணில் படாது. சாலைத் திருப்பத்தையே எட்டி எட்டிப் பார்ப்பாள்.

ஆனால் எட்டிப் பார்ப்பவர் எல்லாரும் அந்தத் தாயைப் போன்றவரல்லர். இச்சொல்லுக்கு மூலமான வினையைச் சரித்திர ஆசிரியர் ஹெரோதோத்துஸ் எப்படி வழங்குகிறார் என்று கவனியுங்கள். கி.மு. 480-ல் பாரசீகர் கிரேக்க நாட்டின் மேல் படையெடுத்தபோது, சிராக்கூஸ் நகரை ஆண்ட கெலோன் மிகுந்த பணத்தோடு ஒரு தூதனைத் தெல்பிக்கு அனுப்பினான். போர் எப்பக்கம் சாய்கிறது என்று அவன் பார்த்திருக்க வேண்டும். பாரசீகர் வென்றால் பணத்தைக் கொடுத்துப் பணிய வேண்டும். கிரேக்கர் வென்றால் திரும்பக் கொண்டுவர வேண்டும். இதுவும் கூர்ந்து நோக்கிக் காத்திருத்தல்தான். ஆனால் மனம் எப்பக்கமும் சேராத காத்திருத்தல்.

சின்னப்பரோ பிலிப்பியருக்கு எழுதும்போது விலங்கில் இருக்கிறார். வாழ்வா சாவா என்பது இன்னும் தீரவில்லை. எனினும் அவர் தம் பக்கத்தை முன்னமே தெரிந்துகொண்டுவிட்டார். பிழைத்தாலும் இறந்தாலும் கிறிஸ்து தம்மில் மகிமைப்பட வேண்டும். அவ்வளவே அவர் ஆவல். ஆகவேதான் இச்சொல்லுக்கு அடுத்தே "நம்பிக்கை" என்ற சொல்லையும் சேர்த்து எழுதுகிறார்.

நாம் எப்படிக் காத்திருக்கிறோம்? "வியாதி தீரட்டும், பிறகு பூசைக்கு வருகிறேன்", "வேலை கிடைக்கட்டும், பிறகு பாவசங்கீர்த்தனம் செய்கிறேன்" என்போர் நம்மில் உண்டு. குருவாகிய நானும் சில நாட்களில் பணப்பையை மடியில் வைத்துக்கொண்டே செபித்திருக்கிறேன். இது கெலோனின் தூதன் காத்திருந்த விதம்.

அந்தத் தாயோ, பேருந்து தாமதித்தாலும் வீடு திரும்புவதில்லை. இந்த வாரம் உங்கள் செபத்தில் "ஆனால்" என்ற சொல் எங்கே வருகிறது என்று கண்டுபிடியுங்கள். அதை நீக்கிவிட்டு, தலை நிமிர்ந்து ஆண்டவரை எட்டிப் பாருங்கள்.