டாக்டர்களும் நாமும் செல்போன் பாடமும்



எம்.டி., எம்.எஸ். படிக்கும் டாக்டர்கள்கூட இன்று இணையத்தில் பாடம் கேட்கிறார்கள் தெரியுமா? சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், மருத்துவ ஆராய்ச்சி பற்றிய அடிப்படைப் பாடத்தை இணையத்தில் நடத்துகிறது. மருத்துவ மேற்படிப்பு மாணவர்களுக்கு அது கட்டாயம்.

அவர்கள் படிக்கும் முறை:
1. வீடியோ பார்ப்பது.
2. அசைன்மென்ட் செய்வது.
3. மையத்துக்குப் போய்த் தேர்வு எழுதுவது.

வீடியோ பார்த்ததும் சான்றிதழ் கிடைக்காது! ஆய்வுக்கு எத்தனை நோயாளிகள் வேண்டும் என்ற கணக்கை இப்படிப் படிக்கலாம். தையல் போடுவதை வார்டில்தான் பழக வேண்டும்.

நமக்கும் வழி இருக்கிறது. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.யும் 2003-ல் தொடங்கியது என்பிடெல். மத்திய அரசு 2017-ல் தொடங்கியது ஸ்வயம். பாடம் கேட்பது இலவசம். சான்றிதழ் தேர்வுக்குத்தான் கட்டணம்.

என் அப்பா ஆத்தங்குடியில் டைல்ஸ் கல் போடுகிறார். பள்ளிக்கூடம் போகாதவர். வீட்டில் ஒரே செல்போன். ராத்திரிதான் என் கைக்கு வரும். ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் எனக்கு அரியர். வகுப்பில் "புரியலை சார்"னு சொல்லக் கூச்சம். வீடியோவை நிறுத்தி நிறுத்தி நாலு தரம் கேட்டேன். "என்னடா, சினிமாவா?" என்றார் அப்பா. நோட்டில் நானே போட்ட உத்திரத்தின் படத்தைக் காட்டினேன். அன்றிலிருந்து போனை அவரே எடுத்துத் தருகிறார். அரியரும் போயிற்று.

லேத் வேலைக்கு ஒர்க்‌ஷாப்தான் வேண்டும். தியரிக்கு வீடியோ பாருங்கள். பக்கத்தில் நோட்டும் பென்சிலும் இருக்கட்டும்!