நோய்த்தணிப்புச் சிகிச்சையை எப்போது, எப்படிக் கேட்பது?

புற்றுநோய் முற்றிவிட்டது, இருதயமோ சிறுநீரகமோ தளர்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகும், வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சை (பாலியேட்டிவ் கேர்) பற்றிய பேச்சு நம் வீடுகளில் கடைசி வாரங்களில்தான் எழுகிறது. 'இனி ஒண்ணும் செய்ய முடியாது, வீட்டுக்குக் கொண்டு போங்க' என்பதற்கு அது இன்னொரு பெயர் என்றே பலர் நினைக்கிறார்கள். நோய் உறுதியானதுமே, கீமோவோ டயாலிசிஸோ நடக்கும்போதே அதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது என் வாதம். முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் பாஸ்டனில் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. நோய்த்தணிப்புச் சிகிச்சையைத் தொடக்கத்திலேயே பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9. மனச்சோர்வும் முன்னவர்களிடம் குறைவு. ஒரு மருத்துவமனை, ஒரு நோய், இதை வைத்து ஆயுள் கூடும் என்று சொல்லலாமா? கூடாதுதான், பின்வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் ஆயுள் கூடவில்லை. ஆனால், 'இதைக் கேட்டால் சீக்கிரம் போய்விடுவார்' என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை என்று காட்ட இது போதும்.

முதல் வேலை, அடுத்த செக்கப்பில் சிகிச்சை தரும் டாக்டரிடமே பாலியேட்டிவ் குழுவுக்குக் கடிதம் கேட்பது. ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையானாலும் ஊர் கிளினிக்கானாலும், கேட்காமல் காத்திருக்க வேண்டாம். ஈப்போவில் பேராக் பாலியேட்டிவ் கேர் சொசைட்டி வீட்டுக்கே வந்து இலவசமாகப் பார்க்கிறது. வீடு சுங்கை சிப்புட், சுங்காய் பக்கம் பழைய தோட்டத்து உட்பாதையில் இருந்தால், எதுவரை வருவார்கள், வர முடியாவிட்டால் போனில் யார் வழிகாட்டுவார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் தோட்டத்து லயத்தில் ஒருவர் படுத்தால் பக்கத்து வீட்டார் முறைபோட்டு உட்கார்ந்திருப்பார்கள், தோட்டத்து டிரெசர் எட்டிப் பார்ப்பார். ரப்பர் போய் செம்பனை வந்து, பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போன பிறகு, கட்டிலருகே மிஞ்சுவது பெரும்பாலும் மனைவியோ ஒரு மகளோதான். அவருடைய தூக்கமின்மையையும் குழுவிடம் சொல்லுங்கள். அதுவும் அவர்கள் கவனிக்க வேண்டிய விஷயமே.

அடுத்தது வலி. இதில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். ஒரு பள்ளி நோட்டில் நேரம், இடம், பத்துக்கு எத்தனை, என்ன மருந்து, ஒரு மணி நேரம் கழித்து எப்படி என்று எழுதுங்கள்: 'ராத்திரி 2 மணி, இடுப்பு, 7, மருந்துக்குப் பிறகு 4'. குத்துகிறதா, கடுக்கிறதா, எரிகிறதா என்பதையும் குறியுங்கள். மகன் டாக்டரிடம் மலாயில் சொல்லும்போது எல்லாமே 'சாக்கிட்' (வலி) ஆகிவிடும். எரிச்சலும் கரண்ட் பாய்வதுபோன்ற வலியும் நரம்பிலிருந்து வரலாம், அதற்கு மருந்து வேறு. மார்பின் என்றதும் போதைக்கு அடிமையாவார் என்ற பயம் எழுகிறது. வலிக்காக, டாக்டர் அளந்த அளவில் எடுப்பவர்களுக்கு அது அரிது. சிரப் வழக்கமாக நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை. வலி வந்த பிறகு கொடுப்பதல்ல, வராமலிருக்கக் கொடுப்பது. இடையில் வலி எகிறினால் கூடுதலாக எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். மலச்சிக்கல் ஏறக்குறைய நிச்சயம், முதல் நாளிலிருந்தே பேதி மருந்து வேண்டும். தூக்கக் கலக்கம் சில நாளில் தெளியும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவோ மருந்தோ மாறும், மறக்காமல் சொல்லுங்கள். 'மருந்தைக் கொடுத்தார்கள், போய்விட்டார்' என்ற பேச்சு எழுவதற்கே, பலருக்கு அதைக் கடைசி நாளில் ஆரம்பிப்பதுதான் காரணம்.

மூன்றாவது, நோயாளியிடம் பேசுவது. 'அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்' என்று கேட்பது அன்பினால்தான். ஆனால் மறைக்கும் வீட்டில் நோயாளி தன் பயத்தை யாரிடமும் சொல்ல முடிவதில்லை. அவரிடமே கேளுங்கள்: 'டாக்டர் சொல்றதுல உங்களுக்கு எவ்வளவு தெரியணும்ப்பா?' 'நீங்களே பாத்துக்குங்க' என்றால் அதையும் மதியுங்கள். தெரியவேண்டும் என்றால், வீட்டிலா ஆஸ்பத்திரியிலா, எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதோடு, சொக்சோ கோரிக்கை, ஊழியர் சேமநிதி வாரிசுப் பெயர் வரை அவர் தெளிவாக இருக்கும்போதே பேசிவிடலாம். பிறகு ஒரு தாளில், இரவில் மூச்சு வாங்கினால் முதலில் எந்த எண்ணுக்கு அழைப்பது, எது நடந்தால் 999, வீட்டிலேயே உயிர் பிரிந்தால் யாரிடம் சொல்லி என்ன பத்திரம் வாங்குவது என்று குழுவிடம் கேட்டு எழுதி, ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள்.